வால் என்னுடையது

வேகமாக ஓடும் வண்டிகளுக்கு உருவம் வரைவது என் தொழில். இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் என் காலைப் பார்க்கிறார், செருப்புப் போட்டிருக்கிறேனா என்று. போட்டிருக்கிறேன். பிறகு மெதுவாக, "அதாவது மெக்கானிக்கா?" என்று கேட்கிறார். மெக்கானிக் வேலையும் தெரியும், ஆனால் என் தொழில் அது இல்லை. இன்ஜினை யாரோ செய்கிறார்கள். அதைச் சுற்றி இருக்கும் கூட்டைக் காற்று பிடித்து இழுக்காதபடி வரைந்து, செய்து, ஓடவிட்டுப் பார்ப்பவன் நான்.

சாதனை வேகத்துக்கென்று மூன்று வண்டிகள் செய்தேன். முதலாவது தோற்றது. மூன்றாவதைப் பற்றிக் கோயம்புத்தூரில் பலருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் ஒரு பொய் உலவிக்கொண்டிருக்கிறது, அதை என் பழைய எஸ்டேட் முதலாளி, வெள்ளைக்காரத் துரை, வரைந்தார் என்று. மலைமேல் துரைமார் கிளப்பில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். எழுதட்டும். நானும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. மலைத்தொடர் விட்டுக்கொடுத்த இடைவெளியில் இருக்கிற ஊர், அதனால் பிறந்ததிலிருந்தே காற்றோடுதான் வாழ்க்கை. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், தையில் கிழக்கிலிருந்து அடிக்கும். காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துச் சோளக்காட்டில் போய்த்தான் எடுக்க வேண்டும். அப்பா கடலை போட்டார், சோளம் போட்டார், வருஷத்துக்கு ஒருமுறை ரேக்ளாப் பந்தயத்தில் மாட்டு வண்டி ஓட்டினார். என்னை மதராஸுக்கு அனுப்பி இன்ஜினியரிங் படிக்க வைத்தார். படித்து முடித்த எனக்குச் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. இன்ஜினியர் என்ற பதவி அங்கே வெள்ளைக்காரருக்கு மட்டும். எனக்குக் கிடைத்த பெயர் ஃபேன் மேஸ்திரி.

தேயிலை ஃபேக்டரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். பறித்த இலையை மேல்மாடியில் பரப்பி வாட்டுவார்கள். மாடியின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்கு மேலான ஃபேன்கள், சூட்டுக் காற்றை இலைமேல் இழுத்துவிட. அந்த ஃபேன்கள் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. காற்றிலிருந்து தப்பித்துப் படிக்கப் போனவனுக்குக் காற்றுக்கே காவல்காரன் வேலை. எனக்கே சிரிப்பு வந்தது.

எங்கள் பெரிய துரைக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். தோட்டத் துரைமார்களின் கிளப் ஒன்று ஒவ்வொரு மாசியிலும் வேகப் போட்டி நடத்தும். மலையில் நேரான ரோடு ஏது? எனவே கீழே, எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் போகும் ரோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பனைமரங்களுக்கு நடுவே கயிறு பிடித்த மாதிரி கிடக்கும் ரோடு. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை ஓட்டி, இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். காற்றைச் சாதகமாக வைத்து யாரும் ஏமாற்ற முடியாது. துரை பம்பாயிலிருந்து நல்ல இன்ஜின் போட்ட அடிச்சட்டம் ஒன்றை வரவழைத்தார். மேலே கூடு கட்ட ஆள் வேண்டும். படம் போடத் தெரிந்தவன் எஸ்டேட்டில் நான் ஒருவன்தான்.

முதல் வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உழவன் வீட்டுப் பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தேன். கலப்பைக் கொழு மண்ணைக் கிழிக்கிற மாதிரி வண்டி காற்றைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்து, முன்னால் கூர்மையான மூக்கு வைத்தேன். பின்பக்கத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. உழுகிறவன் முன்னால் போகிற கொழுவைப் பார்ப்பான், பின்னால் புரண்டு விழுகிற மண்ணைத் திரும்பியா பார்ப்பான்? மொட்டையாக வெட்டி மூடிவிட்டேன். துரைக்குக் கூர் மூக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வண்டியை ஓட்டியவர் சின்னத் துரை, பெரிய துரைக்கு உதவியாளராக வந்த இளைஞர், நல்ல மனிதர். கூடு எதுவுமில்லாத இன்னொரு எஸ்டேட் கார் எங்களைவிட வேகமாக ஓடிக் காட்டியது.

துரை என்னைத் திட்டினார். அவர் எங்களோடு பேசுவது ஒரு தனித் தமிழ், கூலியாட்களை அதட்டுவதற்கென்றே கற்றுக்கொண்டது. நான் எப்போதும் இங்கிலீஷிலேயே பதில் சொல்வேன். அது அவருக்கு எரிச்சல். அதனாலேயே விடாமல் செய்தேன்.

திரும்பி மலைக்குப் போனதும் வாட்டும் மாடியில் ஒரு மூலையைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இலை வராது, ஃபேன் சும்மா நிற்கும். அதன் முன்னால் தேயிலைப் பெட்டிப் பலகைகளை அடித்து நீளமாக ஒரு குகை கட்டினேன். ஃபேன் இழுக்கிற காற்று சுழன்று சுழன்று வரும், அதை நேராக்க வேண்டும். ஓடையோரத்தில் வளரும் ஈற்றையை, உள்ளே கூடான மெல்லிய மூங்கிலை, வெட்டிக் குழல் குழலாக நறுக்கி, கட்டாகக் கட்டிக் குகையின் வாயில் அடைத்தேன். அதன் வழியாக வந்த காற்று சொன்னபடி கேட்டது. நடுவில் இலவமரத்தில் செதுக்கிய சின்ன வண்டியைக் கம்பியில் தொங்கவிட்டு, முன்னால் இலை நிறுக்கும் சுருள்வில் தராசு ஒன்றை மாட்டினேன். காற்று வண்டியை எவ்வளவு இழுக்கிறது என்று முள் காட்டும். வண்டியின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன நூல்களை ஒட்டினேன்.

ஃபேனைப் போட்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூக்குப் பக்கத்து நூல்கள் சமர்த்தாகப் படிந்து கிடந்தன. பின்னால், நான் மொட்டையாக வெட்டிய இடத்தில், நூல்கள் பேய் பிடித்த மாதிரி ஆடின. வண்டியைப் பிடித்து இழுத்தது முன்னால் வந்த காற்று இல்லை, பின்னால் சேர இடமில்லாமல் தவித்த காற்று. மூக்கைச் செதுக்கி உருண்டையாக்கினேன், தராசு முள் அசையவே இல்லை. பின்னால் வால் ஒட்டினேன், முள் இறங்கியது. வாலை நீட்டினேன், இன்னும் இறங்கியது. பலகைக் குகைக்குள் தலையை விட்டுக்கொண்டு தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்குச் சில தடவைதான் வாய்த்திருக்கிறது.

மழைக்காலம் முழுவதும் வாலைச் செதுக்கினேன். கொஞ்சம் குட்டையானால் நூல் ஆடும், சட்டென்று ஒடுங்கினால் நூல் ஆடும். ஒவ்வொரு வாலையும் காற்றில் வைத்துப் பார்த்து, தூக்கி எறிந்து, அடுத்ததைச் செதுக்குவேன். கடைசியில் ஒரு வளைவு கிடைத்தது. ஒரு நூல்கூட அசையவில்லை. அதைப் பெரிதாக்கி, மூங்கில் விலா வைத்து, பெட்டிப் பலகையின் மெல்லிய தகடுகளைப் பொருத்தி, துணி சுற்றி வார்னிஷ் அடித்தேன். அது வண்டியின் பாதி நீளம் வந்தது. இலை கொண்டுவரும் பெண்கள் எட்டிப் பார்த்து, "என்ன மேஸ்திரி, மலைமேல கப்பலா கட்டுதீய?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த நீளத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்க முடியாது. அதனால் வாலைத் தனியாகச் செய்து, போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி வைத்தேன்.

துரைக்கு அதைப் பார்த்ததும் முகம் சுளித்தது. "மூக்கு எங்கே? இது என்ன, அரணையா?" என்றார். தராசை வைத்துக் காட்டினேன். மூன்று தடவை காட்டச் சொன்னார். அடுத்த வாரம் விருந்துக்கு வந்த பக்கத்துத் தோட்டத் துரையிடம், காற்று பின்னால்தான் இழுக்கிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நல்லது, கற்றுக்கொள்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

மாசி வந்தது. வண்டியை இறக்கினோம். மதராஸிலிருந்து நேரம் பார்க்கிற வெள்ளைக்காரர்கள் இருவர் ஸ்டாப்வாட்சுகளோடு வந்து கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். ரோட்டின் இருபுறமும் சந்தைக்கு வந்த சனம். அதற்கு முதல் நாளே அப்பா சந்தை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார், வருகிறது தன் மகன் செய்த வண்டி என்று.

போட்டியின் முதல் நாள் ஒத்திகை மட்டும், கணக்கில் சேர்வது மறுநாள் ஓட்டம்தான். ஆட்கள் ரோட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ள, ரேக்ளாவில் பேர் கூவுகிறவரையே சின்னத் துரை அமர்த்தியிருந்தார். எங்கள் பக்கத்து ரேக்ளாவில் ஒரு வழக்கம் உண்டு. மாடு யார் வீட்டு மாடு, வண்டி யார் கட்டியது, எந்த ஊர் என்று கூவிச் சொன்ன பிறகுதான் கொடி விழும். பேர் சொல்லாத வண்டி ஜெயித்தாலும் அது ஜெயித்த கணக்கில் வராது. பழக்கதோஷத்தில் அவர் துரையிடமே போய்க் கேட்டார், "ஏனுங்க தொரை, வண்டி யாரு ஊட்டுதுங்க? கட்டுனது யாருங்க?"

துரை கூடாரத்திலிருந்து எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கார் என்னுது. படம் நான் போட்டான். எல்லாம் நான்."

பேர் கூவுகிறவர் அதை அப்படியே கூவிவிட்டார். கொடி விழுந்தது. வண்டி போனது. அதுவரை அந்த ரோட்டில் எந்த வண்டியும் போகாத வேகத்தில் போனது. நான் ஓரத்தில் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தேன். துரை மதராஸ்காரர்களிடம் இங்கிலீஷில், வாலின் வளைவு தனக்கு எப்படித் தோன்றியது என்று விவரித்துக்கொண்டிருந்தார். குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியதாம். கோபம் அடிவயிற்றிலிருந்து வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அட்டை கடித்த காலோடு அந்த மாடியில் நின்றவன் நான். இவர் குளித்தாராம்.

அப்பா என்னைவிடக் கோபமாக வந்தார். "ஏங்கண்ணு, நீ பண்ணுனதுதானே அது? சந்தைல அத்தன பேருக்கும் முன்னால என்னயப் பொய்யனாக்கிப்போட்டானே அந்த ஆளு!"

"நான் பண்ணுனதுதானுங்கப்பா."

"அப்புறம் ஏன் பேசாம நிக்கற?"

"பேசி என்ன ஆகுமுங்க? வண்டியக் கொண்டாங்க, நம்ம மாட்டு வண்டிய."

அப்பா தயங்கினார். வேலை போய்விடும், தொரையோடு மல்லுக்கு நிற்காதே என்றார். அப்புறம் ஒரு சந்தைக்காரர் பக்கத்தில் வந்து, "என்னுங்க, மகன் பண்ணுன வண்டின்னீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா நேராகப் போய் மாட்டைப் பூட்டினார்.

வெயில் உச்சியில் இருக்கும்போதே, எல்லோர் கண்முன்னும், ஸ்பேனரை எடுத்து வாலின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. ஏதோ எண்ணெய் போடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். சின்னத் துரைக்கு மட்டும் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்றார்.

"வால் இல்லாமல் இது புரளுமா?" என்று கேட்டார்.

"புரளாது. உங்கள் உயிருக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சரிபார்த்துத்தான் கழற்றுகிறேன். வேகம்தான் போகும்."

அவர் தலையை ஆட்டினார். வாலின் நுனியைத் தூக்கி மாட்டு வண்டியில் ஏற்றக் கை கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை.

விஷயம் தெரிந்து துரை எங்கள் காட்டுக்கே வந்தார். களத்தில் சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் வால் கிடந்தது, மேலே இரண்டு கோழிகள். திருட்டு என்றார். தேயிலைப் பெட்டி தன் எஸ்டேட் பெட்டி என்றார்.

"பலகை உங்களுடையதுதான்," என்றேன், இங்கிலீஷில். "மறுக்கவில்லை. சொல்லுங்கள், இப்போதே பிரித்துப் பெட்டியாக அடித்துத் தருகிறேன், இலை போட்டுக்கொள்ளலாம். வளைவு என்னுடையது. அதைத் தரமாட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் குளித்துவிட்டு இன்னொன்று வரைந்துகொள்ளுங்கள்."

போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். எந்தப் போலீஸை? அவர் மலை திருவிதாங்கூரில், எங்கள் களம் கொச்சி ராஜ்ஜியத்தில், பந்தய ரோட்டின் மறுமுனை பிரிட்டிஷ் ஜில்லாவில். அவருக்கே குழப்பமாகிப்போனது. வால் இல்லாமலே நாளை ஓட்டுவேன், இன்ஜின் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வாலில்லாமல் ஓட்டினார்கள். கிழக்குக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. காற்றோடு போகும்போது பரவாயில்லை. எதிர்த்துத் திரும்பும்போது வண்டி முக்கித் திணறியது. பனைமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மொட்டைப் பின்பக்கத்தில் காற்று என்ன பாடு படுகிறது என்று அங்கே நின்ற எல்லோரிலும் எனக்கு ஒருவனுக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சராசரி பார்த்த மதராஸ்காரர்கள் தலையை அசைத்தார்கள். இரண்டாவது தடவை ஓட்டினார்கள், அதே கதை. மத்தியான ரயிலுக்குத் தாங்கள் போக வேண்டும் என்றார் அவர்களில் ஒருவர். நேற்று அப்படிப் போன வண்டி இன்று ஏன் இப்படி, நேற்றுப் பின்னால் ஒன்று இருந்ததே, அது எங்கே என்று இன்னொருவர் கேட்டார்.

துரை என்னைப் பார்த்தார். அந்த மனிதருக்கு அந்தச் சாதனை எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் வேண்டியிருந்தது. அவரைவிட அதிகமாக வேண்டியிருந்தது. ஒரு மழைக்காலம் தேடிய வளைவு மூன்று மைல் தள்ளிக் களத்தில் கோழிக்கு அடியில் கிடக்கிறது, அதை ஓடவிடாமல் நானே தடுத்துக்கொண்டு நிற்கிறேன். மதராஸ்காரர்கள் போய்விட்டால் அடுத்த மாசி வரை கிடையாது, வேலை போகப்போகிற எனக்கு அடுத்த மாசியே கிடையாது. இருந்தாலும் நான் அசையவில்லை.

"கொண்டு வா," என்றார்.

"யார் வரைந்தது என்று சொல்லுங்கள். கொண்டு வருகிறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு மதராஸ்காரர்கள் பக்கம் திரும்பி, "இந்த ஆள்தான் கூட்டை வரைந்தான்," என்றார்.

"இந்த ஆளுக்குப் பேர் இருக்கிறது," என்றேன்.

சொன்னார். முழுப் பேரையும், முன்னால் மிஸ்டர் போட்டுச் சொன்னார். பேர் கூவுகிறவர் பக்கம் கை காட்டினேன். "இவருக்கும் சொல்லுங்கள். நேற்று இவரிடம்தானே தப்பாகச் சொன்னீர்கள்? இவர் தப்பாகக் கூவியதால் எங்கள் அப்பா சந்தையில் தலைகாட்ட முடியவில்லை."

துரைக்கு முகம் செங்கல் நிறமாகிவிட்டது. தன் எஸ்டேட் தமிழில், அந்தச் சனத்துக்கு நடுவே நின்று சொன்னார். "படம் நான் போடலே. இவர் போட்டது. நான் நேத்து சொன்னது பொய்." பொய் என்று ஒப்புக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவர்மேல் ஒரு மரியாதை எனக்கு உண்டு.

மாட்டு வண்டியை அப்பா ஓட்டி வந்த வேகத்துக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்திருக்கலாம். சின்னத் துரையும் நானும் வாலைத் தூக்கிப் பொருத்தினோம். ஒட்டியிருந்த கோழி எச்சத்தைத் துடைத்தேன், அதுகூடக் காற்றைப் பிடிக்கும். பேர் கூவுகிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் பேரையும், அப்பா பேரையும், ஊரையும் பனைமரம் அதிரக் கூவினார். கொடி பிடித்திருந்த வெள்ளைக்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் அவர் கூவி முடிக்கிறவரை காத்திருந்தார். கொடி விழுந்தது. காற்றோடு போனது, காற்றை எதிர்த்துத் திரும்பியது. மதராஸ்காரர்கள் கடிகாரத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அதற்குமுன் இருந்த வேகம் உடைந்துபோனது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே துரை ஆளனுப்பி, ஃபேன் மேஸ்திரி வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டதாகச் சொன்னார். வந்த ஆள் பாவம், என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டான். சரி, நீக்கட்டும் என்றேன். ஃபேன் மேஸ்திரி அவர் வைத்த ஆள், அவனை அவர் நீக்கலாம். வண்டி வரைகிறவனை அவர் வேலைக்கு வைக்கவே இல்லையே, எப்படி நீக்குவார்?